பதினைந்தாம் தேதிப் பணம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கினார்கள். சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் விழ ஆரம்பித்தது. அன்று முதல் ஒரு தரப்பார் இதைப் பெண் விடுதலை என்கிறார்கள், இன்னொரு தரப்பார் ஓட்டுக்குக் கொடுக்கும் முன்பணம் என்கிறார்கள். ஒரு கிராமத்து வீட்டில் அந்த ஆயிரம் எந்த நாளில் வருகிறது, யார் கையில் இருக்கிறது, எந்தக் கடனை அடைக்கிறது என்று பார்க்க இருவருக்குமே பொறுமை இல்லை. திட்டத்தை எடைபோட வேண்டிய இடம் அந்த வீடுதான்.

முதலில் அளவு. 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். ஆக ஆயிரம் என்பது மூன்று நாள் கூலி. 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு சமையல் எரிவாயு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. கிராமத்துக்குக் கொண்டுவந்து இறக்குபவருக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் ஆயிரத்தில் நூறு ரூபாய் மிஞ்சினால் அதிகம். மூன்று நாள் கூலியை வைத்து எந்தக் குடும்பமும் ஏழ்மையைத் தாண்டிவிடாது. தாண்டிவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்களை நம்ப வேண்டியதில்லை. அளவு சிறியது என்பதாலேயே திட்டம் வீண் என்று தள்ளுகிறவர்களும் கிராமத்தில் பணம் எப்படிப் புழங்குகிறது என்று அறியாதவர்களே.

திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரி நிலத்தில் மணிலா போடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மழை ஒத்துழைத்தால் அறுவடைக் காசு வரும். வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலைக்குப் போனால் மேஸ்திரி கணக்கு முடிக்கிற அன்றுதான் பணம். நூறு நாள் வேலைக் கூலி எப்போது வரும் என்பது தில்லிக்கே வெளிச்சம். 2025 ஜனவரியில் மாநிலத்துக்கு வர வேண்டிய 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கியைக் கேட்டு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வரவு எதற்கும் தேதி கிடையாது. செலவுக்கு உண்டு. குழு லோன் டியூ வாரம் தவறாமல் வந்து நிற்கும், பள்ளி வேன்காரர் மாதப் பிறப்பில் கேட்பார், மாமியாரின் சர்க்கரை மாத்திரை அட்டை தீருகிற நாள் தீரும்.

இந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது. நுண்கடன் பாக்கி அதிகமுள்ள மாநிலங்களில் பீகாரும் தமிழ்நாடும் முன்வரிசையில் இருக்கின்றன. டியூ ஒன்று தவறினால் வசூலுக்கு வந்தவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார், அவரோடு குழுவின் மற்றப் பெண்களும் உட்கார வேண்டியிருக்கும், அந்த அவமானத்துக்குப் பயந்து பக்கத்துத் தெருவில் பத்து வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள். ஆயிரத்துக்கு மாதம் நூறு ரூபாய் வட்டி. அச்சுறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. இப்படிப்பட்ட வீட்டில், தேதி தவறாமல் வரும் ஒரே வரவு என்பதால் ஆயிரம் ரூபாய்க்கு அதன் அளவை மீறிய வலு கிடைக்கிறது. மாதத்தில் ஒரு முறையாவது பத்து வட்டிக்காரரிடம் போகாமல் தப்பிக்கலாம். மளிகைக் கடையில் அந்த வீட்டுப் பெண் "அண்ணே, பதினஞ்சாம் தேதி குடுத்துடறேன்" என்று சொன்னால், "சரிம்மா" என்று கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். முன்பெல்லாம் அந்த நோட்டில் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும், அவர் வந்து சொன்னால்தான் சாமான் கிடைக்கும். இப்போது அவள் வாக்குக்கே கடன் கிடைக்கிறது.

கையிலே மிஞ்சுவதை அவள் என்ன செய்கிறாள் என்பது அரசு விளம்பரத்தில் வருவதைவிட சுவாரசியமானது. முட்டை வாங்குகிறாள், உள்ளாடை வாங்குகிறாள், பிறந்த வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் தன் பெயரிலேயே இருநூறு ரூபாய் மொய் எழுதுகிறாள். மொய் எழுதுவது முன்னேற்றமா என்று பொருளாதார நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கலாம். நாளைக்கு அவள் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும். ஆபத்து நேரத்தில் தாய்வீட்டுக் கதவைத் தட்டும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. இன்னும் சிலர் ஐநூறைச் சீட்டில் போடுகிறார்கள்.

அந்தச் சீட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கென்யாவின் ரரியேடா பகுதியில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்ததை யோகன்னஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷபிரோ இருவரும் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுக்கான நிச்சயம் கூடியிருந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்களை வாங்கியிருந்தார்கள். நம் திட்டம் மாதத் திட்டம். எனவே ஆயிரம் வாங்கியவள் ஏன் கறவை மாடு வாங்கவில்லை என்று கேட்பது பொருத்தமற்ற கேள்வி. மாதப் பணத்தை மொத்தப் பணமாக்கும் வழியைப் பெண்கள் சீட்டில் தாங்களாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். ஆனால் பதிவில்லாத சீட்டு நடத்துபவர் ஒரு நாள் ஊரைவிட்டு ஓடினால் அத்தனை மாதமும் போச்சு. அஞ்சலகத் தொடர்வைப்பில் இந்தப் பணத்தைச் சேர்த்து வைக்க எளிய ஏற்பாடு ஒன்றை அரசு செய்திருக்கலாம்.

பணம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாவார்கள், குடித்தே தீர்ப்பார்கள் என்ற பழைய வாதம் சாட்சியின் முன் நிற்பதில்லை. கென்ய ஆய்வில் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. 2011-12-ல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா அமைப்பு, யுனிசெஃப் ஆதரவோடு, பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும், பிறகு 300-ம் 150-மாக, கொடுத்துப் பார்த்தது. குழந்தைகளின், அதிலும் பெண் குழந்தைகளின், எடை தேறியது. வேலை செய்வது குறையவில்லை. கூலிக்குப் போன சிலர் தங்கள் நிலத்திலேயே பாடுபடத் தொடங்கினார்கள். குடியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2024-25-ல் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய், அதற்கு முந்தைய ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி. குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவே பணம் எந்தப் பக்கம் அதிகம் போகிறது என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

எனக்கு உறுத்துகிற குறை வேறு. "அதான் ஆயிரம் வருதே, அதுல பாத்துக்க" என்று வீட்டுக்காரர் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே அரசு கொடுத்த ஆயிரம் சுற்றிவளைத்து அவர் சட்டைப்பைக்கே போய்ச் சேர்கிறது. எத்தனை பேருக்குப் பணம் போனது என்ற எண்ணிக்கையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வீடு வீடாகப் போய், பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, முன்பு வீட்டுச் செலவுக்கு எவ்வளவு கிடைத்தது, இப்போது எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். திட்டத்தின் வெற்றியைச் சொல்லும் எந்த அறிக்கையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முழுமையாகாது.

அடுத்தது வங்கி. முதல் மாதமே பலருடைய ஆயிரத்தைக் குறைந்தபட்ச இருப்பு, சேவைக் கட்டணம் என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டித்துப் புகார் எண் அறிவிக்க நேர்ந்தது. ஏழையின் கணக்கில் பணம் விழுந்ததும் முதல் கை வங்கியுடையது என்றால் அந்த ஓட்டையைத் திட்டம் தொடங்கும் முன்பே அடைத்திருக்க வேண்டும்.

தகுதி வடிகட்டியும் கிராமத்துக்குப் பொருந்தாத ஒன்று. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரத்துக்குள் என்று வரையறுத்தார்கள். பாகம் பிரிக்காத பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அண்ணன் தம்பி இரு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர் ஓடும். காகிதத்தில் அவர்கள் வசதியானவர்கள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண் என்ற விதியோ மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே புதிதாக ஒரு வழக்கை மூட்டிவிட்டது. வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். முதல் கட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு இல்லை என்று பதில் போனது. மத்தியப் பிரதேசச் சோதனையில் கிராமத்தில் எல்லாருக்கும், குழந்தைக்கும் சேர்த்து, கொடுத்தார்கள். சலிக்கவே இல்லை என்பதால் தப்பாகச் சலிக்கவும் வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பணத்துக்குச் சட்டக் காவல் இல்லை. அரசாணையால் பிறந்த திட்டம் இது. விலைவாசி ஏறினால் தொகையும் ஏற வேண்டும் என்று எந்த விதியும் இதில் எழுதப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலையில், தேர்தலுக்குச் சில மாதம் முன்பு, பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய் தரத் தொடங்கினார்கள். தேர்தல் முடிந்தது, மறுசரிபார்ப்பு வந்தது, 2025-ல் 26 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேதி தவறாமல் வரும் என்பதுதான் இந்தப் பணத்தின் வலு. அந்த நம்பிக்கையில் கடையில் வாக்குக் கொடுத்தவள், சீட்டில் சேர்ந்தவள், ஒரு மாதம் கணக்கு காலியாக இருந்தால் பழைய வட்டிக்காரரிடமே போவாள், அதுவும் முன்பைவிடப் பெரிய கடனோடு.

ஆகவே என் தீர்ப்பு இது. பணத்தைப் பெண்ணின் கணக்கிலேயே, எதற்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடாமல், குறித்த நாளில் போட்டது சரியான முடிவு. அதைக் கைவிடக் கூடாது. நூறு நாள் கூலி பாக்கிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லாத மாத்திரைக்கோ இதை ஈடாகக் காட்டக் கூடாது. தொகையை விலைவாசியோடு கட்டி, வங்கிப் பிடித்தத்தைத் தடுத்து, ஒரு சட்டமாக நிறைவேற்றாதவரை இத்திட்டத்துக்குப் பாஸ் மார்க் போடுவேன், முதல் வகுப்பு தரமாட்டேன்.