இணைப்புப் பரிமாற்றமும் மொய் நோட்டும்

புதுசா வலைப்பதிவு ஆரம்பிப்பவர்களுக்குத் தவறாமல் தரப்படும் அறிவுரை ஒன்று உண்டு. உங்க துறையில் எழுதுபவர்களை கூகுளில் தேடிப் பிடிங்க, "நான் உங்களுக்கு இணைப்பு தர்றேன், நீங்க எனக்குத் தாங்க" என்று மின்னஞ்சல் போடுங்க. எனக்கும் இப்படி மடல்கள் வருது. பழவேற்காடு ஏரியைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறவனுக்கு வீட்டுக்கடன் தளத்திலிருந்து பரிமாற்ற அழைப்பு! அனுப்பினவர் என் பதிவில் ஒரு வரிகூடப் படிச்சிருக்க மாட்டார்.

தேடிப் பிடிங்க என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனா எப்படித் தேடுவது என்று யாரும் தமிழை வைத்துச் சொல்வதில்லை. ஆங்கிலக் கட்டுரையில் இருக்கிற வழிமுறையை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள். "பழவேற்காடு" என்று மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பழவேற்காட்டில், பழவேற்காட்டின் என்று எழுதியவை அதில் அடங்காது. வேற்றுமை சேர்ந்ததும் 'டு' போய் 'ட்டு' ஆகிவிடுகிறது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு அது வேறு சொல். 'பழவேர்காடு', 'புலிகாட்' என்று எழுதுபவர்களும் உண்டு. ஆக ஒரு ஊரைத் தேட குறைந்தது நாலு தடவை தேடணும்.

இதைவிடச் சிக்கல் 'பாடு'. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் பெயர் அது. இந்த ஏரியைப் புரிந்துகொள்ள 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைவிட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. தேடுபொறிக்கோ பாடு என்றால் சினிமாப் பாட்டு. சரி, பாடு உரிமை உள்ள கோட்டைக்குப்பத்தைப் போட்டுத் தேடலாம் என்றால் புதுச்சேரி பக்கத்துக் கோட்டக்குப்பம் வந்து நிற்கும். கூடவே ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மற்ற இரண்டு ஊர்களையும் சேர்த்துப் போட்டால்தான் இரைச்சல் அடங்குது.

வலைப்பதிவுகளை மட்டும் பிரித்தெடுக்க ஒரு குறுக்குவழி உண்டு. பிளாக்ஸ்பாட்டின் தமிழ் இடைமுகம் பக்கத்தின் அடியில் "இதற்கு குழுசேர்" என்று தானாகவே போட்டுவிடும். அந்தச் சொற்றொடரையும் ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடினால் செய்தித்தளங்களும் யூடியூபும் பெரும்பாலும் விலகிவிடும். கிடைத்த பதிவுக்கு உயிர் இருக்கா என்று பார்க்க முகப்பை நம்பக்கூடாது. முகவரியோடு /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டிஃபால்ட் என்பதை ஆங்கில எழுத்தில் ஒட்டுங்க, செய்தியோடை திறக்கும், கடைசி இடுகையின் தேதி அதில் இருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் /ஃபீட் போதும்.

இனி அந்த அறிவுரையின் மறுபாதி. பேஜ்ரேங்க் 1998-ல் வந்தபோது அதன் அடிப்படை எளிமையானது: ஒருவர் இணைப்பு தருகிறார் என்றால் அந்தப் பக்கத்தை மதிக்கிறார். நம்மாட்கள் அதை மொய் நோட்டு ஆக்கினார்கள். நீ நூற்றியொன்று எழுதினா நானும் நூற்றியொன்று. மொய்க்காவது ஒரு கல்யாணம் நடக்கும், சாப்பாடு போடுவாங்க. இதில் படிப்பவருக்கு என்ன கிடைக்குது? அளவுக்கு மீறிய இணைப்புப் பரிமாற்றத்தை கூகுள் தன் விதிகளில் ஸ்பேம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் மாற்றம் இந்த மாதிரி செயற்கை இணைப்புகளைக் குறிவைத்துத்தான் வந்தது. அதுக்குப் பிறகும் இதே அறிவுரை சுற்றிக்கொண்டிருப்பது ஆச்சரியம்தான்.

இதற்காக கூகுளை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. 2005-ல் வலைப்பதிவுகளுக்கென்றே தனித் தேடல் ஒன்றைத் தொடங்கி, பிறகு அதை இழுத்து மூடினார்கள். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் போனது. 2012 வாக்கில் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். நாமும் அதையே நகலெடுத்துப் பக்கப்பட்டையில் ஒட்டினோம். 2020-ல் அந்தப் பெயரையே புதுப்பிக்காமல் கோட்டை விட்டார்கள். பதிவுகள் பிளாக்ஸ்பாட்.காம் முகவரியில் பத்திரமா இருக்கு, போகிற வழி மட்டும் அறுந்துபோச்சு. 'இன்' என்பதை 'காம்' என்று மாற்றிப் பாருங்க, செத்ததா நினைத்த பல பதிவுகள் எழுந்து வரும்.

காசி ஆறுமுகம் 2004-ல் தமிழ்மணத்தைத் தொடங்கியபோது இந்தத் தேடல் எதுவும் தேவைப்படவில்லை. யார் இன்று எழுதினார்கள் என்பது ஒரே பக்கத்தில் தெரியும். அங்கேயும் ஓட்டுக்கு ஓட்டு, பின்னூட்டத்துக்குப் பின்னூட்டம் என்று மொய்க் கணக்கு நடந்தது உண்மை. ஆனா நல்ல பதிவு எழுதிய புதுமுகம் யாரிடமும் கெஞ்சாமல் கண்ணில் பட்டார். திரட்டிகள் போனபின் அந்த வேலை அவரவர் பக்கப்பட்டைக்கு வந்துவிட்டது. நாமோ அதில் விளம்பரம் வைத்திருக்கிறோம்.

மீனவர் வழக்கங்களைப் பற்றி ஒருவர் நாலு இடுகை எழுதிவிட்டு நிறுத்தியிருப்பார். அவர் எனக்குத் திருப்பி இணைப்பு தரப்போவதில்லை. பதிவு உயிரோடு இருக்கணும் என்ற அளவுகோலை வைத்தாலும் அவர் தேறமாட்டார். பரிமாற்றக் கணக்குப்படி அவர் பூஜ்யம். எனக்கு முதலில் வேண்டியது அவர்தான். அதனால் பக்கப்பட்டையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு பிளாக் லிஸ்ட் கேட்ஜெட், புது இடுகை போட்டவர் தானாக மேலே வருவார். நிறுத்திவிட்டவர்களுக்கு ஒரு நிலையான பட்டியல். அதில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே வேபேக் மெஷினில் சேமித்த நகலின் முகவரியும் இருக்கும்.

அனுப்பம்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்து ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் முகவரியை அனுப்புங்க. திருப்பி இணைப்பு தரணும்னு இல்லை, செய்தியோடை மட்டும் வேலை செய்யட்டும்.