அந்தோனியோ காதேஸின் ஆடல் நாடகங்கள்

பிளமெங்கோ என்னும் ஆடல் ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் வளர்ந்தது. பாடலும் கித்தார் இசையும் ஆடலும் ஒன்றையொன்று தழுவி நிற்பது அது. ஆடுவோர் காலிற் சலங்கை அணிவதில்லை. பாதணியின் நுனியிலும் குதியிலும் அறையப்பட்ட ஆணிகளே மரத்தளத்திற் பட்டுத் தாளம் எழுப்புவன. பாடுவோன் குரலை ஆடுவோனும், ஆடுவோன் காலைக் கித்தார் வாசிப்போனும் உற்றறிந்து, அவ்வக் கணத்திலேயே ஆடலை ஆக்கிக்கொள்வர். ஆதலின் இது பெரிதும் தனியொருவரின் திறத்தை நம்பிய கலை எனலாம். இத்தகைய கலையைக் கொண்டு ஒரு கதையை, அதுவும் ஓர் ஊரார் அனைவரும் பங்குகொண்ட கதையை, மேடையிற் கூறுதல் இயலுமா? இவ்வினாவுக்கு அந்தோனியோ காதேஸ் கண்ட விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காதேஸ் அந்தலூசியர் அல்லர். இக்கலையைக் குலச்சொத்தாகப் பேணிவரும் ஜிப்சி மரபினரும் அல்லர். அலிக்காந்தே மாகாணத்து எல்டா என்னும் ஊரில் 1936 நவம்பரில், உள்நாட்டுப் போர் மூண்டு நான்கு மாதங் கழிந்த வேளையில், அந்தோனியோ எஸ்தேவே என்னும் பெயரோடு பிறந்தவர். தந்தையார் குடியரசின் பக்கம் நின்று போர் புரிந்தவர். போரில் வென்றவனோ பிராங்கோ. தோற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்த பசியே இவருக்கும் வாய்த்தது. குடும்பம் மத்ரித் நகரிற் குடியேற, இவர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுப் புகைப்படக்கூடம் ஒன்றில் ஏவலாளாக அமர்ந்தார். கலைத்தாகம் உந்த ஆடப் புகுந்தவரென்று இவரைப் புகழ்தல் பொருந்தாது. வயிறு உந்தவே ஆடப் புகுந்தார்.

1952 இற் பிலார் லோப்பேஸ் அம்மையாரின் குழுவிற் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் அங்கிருந்தார். காதேஸ் என்ற பெயரை இட்டவரும் அவ்வம்மையாரே. காதிஸ் துறைமுகத்துக்கு உரோமர் வழங்கிய பழம்பெயர் அது. அம்மையாரின் தமக்கை லா அர்ஜென்தினீத்தா என்பார் பாட, கவிஞர் லோர்க்கா தாமே பியானோ வாசித்து 1931 இல் இசைத்தட்டுகள் வெளிவந்ததுண்டு. ஆகவே லோர்க்காவின் நாடகத்தைக் காதேஸ் பின்னாளில் எடுத்துக்கொண்டது தற்செயலன்று. அவர் கற்ற இல்லத்திலேயே அக்கவிஞரின் நினைவு உறைந்திருந்தது. ஆடுவோனுக்கு ஒழுக்கம் அழகுக்கு முந்தியது என்ற பாடத்தையும் அம்மையாரிடமே கற்றதாகக் காதேஸ் கூறுவார். அவர் பருக்கா ஆடும் முறையில் இப்பாடத்தைக் காணலாம். பருக்கா ஆடவர்க்குரிய ஆடல் வகை. வீரங்காட்டக் கால்களைப் படபடவென அடித்துக் கைதட்டுப் பெறுதற்கு மிக வாய்ப்பானது. காதேஸோ உடலை நிமிர்த்தி, கைகளை அளவாக உயர்த்தி, நெடுநேரம் நிற்கின்றார். நின்றபின் வரும் ஓரடி, பிறருடைய நூறடிக்கு மேலாக நம் நெஞ்சிற் படுகின்றது.

அவருடைய படைப்புக்களுள் தலையாயது, லோர்க்காவின் ‘குருதித் திருமணம்’ என்ற நாடகத்தைத் தழுவி 1974 இல் உரோமாபுரியில் அரங்கேறிய ஆடல் நாடகமாகும். மணநாளன்று மணமகள் தன் பழைய காதலனாகிய லெயோனார்தோவுடன் ஓடிப்போகிறாள், மணமகன் துரத்துகிறான், ஆடவர் இருவரும் ஒருவரையொருவர் குத்தி மடிகின்றனர். 1928 இல் நீஹார் என்ற ஊர்ப்புறத்தில் நிகழ்ந்த ஒரு கொலையே கவிஞருக்கு வித்தாயிற்று. நாடகம் 1933 இல் மத்ரித்தில் மேடையேறியது. காதேஸ் பிறந்த அதே 1936 இல், மூன்று மாதம் முந்தி, பிராங்கோவின் பக்கத்தார் லோர்க்காவைக் கொன்றனர்.

மூலநூலோடு ஒப்பிட்டு நோக்கும்போதே காதேஸின் ஆற்றல் புலனாகும். லோர்க்கா கத்திச் சண்டையை அரங்குக்குப் புறத்தே வைத்தார். நாம் கேட்பவை இரண்டு அலறல்களே. நிலவும், பிச்சைக்காரி வடிவில் வரும் சாவும் அங்கே பாத்திரங்கள். காதேஸ் நிலவை விலக்கினார்; சாவையும் விலக்கினார்; இறுதியில் வரும் பெண்களின் புலம்பலையும் விலக்கினார். கவிஞர் மறைத்த சண்டையை மாத்திரம் அரங்கின் நடுவிற் கொணர்ந்தார். எவ்வாறு கொணர்ந்தார்? கித்தார் இல்லை, பாடல் இல்லை, காலடி முழக்கமும் இல்லை. நீருக்குள் அசைவார் போல இருவர் மிக மெதுவாக நெருங்கி, சுற்றி, ஓங்கி, விலகுகின்றனர். பிளமெங்கோவின் முதற்செல்வமாகிய பாதவொலியையே பறித்துவிட்டு, கதையின் உச்சத்தை அந்த மௌனத்தில் நிறுத்திய துணிவு வியக்கத்தக்கது. கவிஞரின் அலறல் செய்த வேலையை இங்கு அலறலின்மை செய்கின்றது. முடிவில் மணமகள் குருதி படிந்த கைகளைத் தன் வெள்ளை ஆடை மீது இழுக்கின்றாள், அவ்வளவே.

மணவிருந்தில் எல்லோரும் புகைப்படத்துக்கு நிற்பதும் குறிப்பிடத்தக்கது. ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் உறைந்து நிற்க, யார் யாரை நோக்குகின்றனர் என்பது முழுவதும் வெளிப்பட்டுவிடுகின்றது. புகைப்படக்கூடத்துச் சிறுவன் அங்கே கற்றதை மறக்கவில்லை என எண்ணத் தோன்றுகின்றது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். கணத்திற் பிறக்கும் கலையை அடிதோறும் வரையறுத்துவிட்டால் அது பிளமெங்கோ ஆகுமா? இத்தடை வலிமையற்றதன்று. காதேஸின் நாடகங்களிற் பாடகன் ஆடுவோனைத் தூண்டி எதிர்பாராத இடத்துக்கு இட்டுச்செல்லும் இன்பம் பெரும்பாலும் இல்லை. கார்மென் அமாயாவைப் போன்றோரிடம் கண்ட காட்டுத்தீ இங்கே கிடையாது. எனினும் இழந்ததற்கு ஈடாக வேறொன்று கிடைத்தது. கூட்டத்தில் நிற்கும் ஒருவரும் இங்கே வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. வரிசையாய் அமர்ந்து கைதட்டும் பெண்கள் ஊராகவே மாறிவிடுகின்றனர். தனியொருவரின் துயரை மட்டுமே பேசிய ஆடல் ஒரு சமூகத்தின் துயரைப் பேசக் கற்றது.

1975 செப்டெம்பர் 27 ஆந் திகதி பிராங்கோவின் அரசு ஐவரைச் சுட்டுக்கொன்றது. பொதுவுடைமைக் கொள்கையரான காதேஸ், அதனைக் கண்டித்துத் தமது குழுவைக் கலைத்து ஆடுவதையே நிறுத்திவிட்டார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் செய்தது இது. ஆடாமை அநீதிக்கு விடையாகுமா, குழுவினரின் பிழைப்பு என்னாவது என்ற வினாக்கள் எழாமற் போகா. கொடுமையைக் கண்டு மேடையிலிருந்தே பேசியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆயின், தாம் மிகவும் நேசித்த ஒன்றையே விலையாகக் கொடுத்தவரை நோக்கி இதனை உரத்துக் கூறுதல் எளிதன்று. மீண்டும் அவரை ஆடச் செய்தவர் கியூபாவின் புகழ்பெற்ற பலே நடன மாது அலிசியா அலோன்சோ.

1978 இல் ஸ்பெயினின் தேசிய ஆடற்குழுவுக்கு முதல் இயக்குநரானார். 1980 இல் அப்பதவியினின்றும் நீக்கப்பட்டார். ஆடுநர் பலர் அவருடனேயே வெளியேறினர். அவ்வாறு வெளியேறியோரைக் கொண்டே கார்லோஸ் சௌரா 1981 இற் ‘குருதித் திருமண’த்தைத் திரைப்படமாக்கினார். அது மேடையைப் படம்பிடித்ததன்று. ஒப்பனையறையும் ஒத்திகைக்கூடமுமே அதன் களம். 1983 இல் வந்த ‘கார்மென்’ உலகெங்கும் ஓடிற்று. மெரிமே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி, பீசே என்ற பிரெஞ்சுக்காரர் இசைநாடகமாக்கிய ஸ்பானியக் கதையை ஸ்பானியரே மீட்டெடுத்த முயற்சி அது. புகையிலைத் தொழிற்சாலைக் காட்சியில் மேசைகளை அறைந்து பெண்கள் எழுப்பும் தாளம் மறக்கற்பாலதன்று. கதைப்படி, தேர்ந்தவளாயினும் வயது முதிர்ந்தவளென்று ஒதுக்கப்படும் ஆடுநராகக் கிறிஸ்தீனா ஓயோஸ் வருகின்றார். படம் நம்மைக் கார்மெனை நோக்கச் சொல்கின்றது; நம் கண்களோ ஓயோஸை விட்டு அகல மறுக்கின்றன. 1986 இன் ‘மாயக்காதல்’ பற்றி விரிக்க வேண்டியதில்லை. முன்னிரண்டின் சிக்கனம் அதில் இல்லை.

இறுதிப் பெரும்படைப்பு 1994 இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் அரங்கேறிய ‘புவென்தே ஓவெஹூனா’. கொடிய தளபதியொருவனை 1476 இல் ஓர் ஊரார் கொன்றனர். கொன்றவர் யாரென்று சித்திரவதை செய்து கேட்டபோது ஒவ்வொருவரும் ஊரின் பெயரையே விடையாகக் கூறினர். லோப்பே தே வேகா நாடகமாக்கிய இக்கதைக்குப் பிளமெங்கோ மாத்திரம் போதாதென்று கண்ட காதேஸ், ஸ்பெயினின் பல பகுதி உழவர் ஆடல்களையும் சேர்த்துக்கொண்டார். பருக்காவில் தனித்து நின்றவர் இங்கே ஊருக்குள் மறைந்துவிடுகின்றார். ‘குருதித் திருமண’த்தின் செறிவு இதில் இல்லையென்பது உண்மை, சில கூட்டக் காட்சிகள் நீண்டுவிட்டன. ஆயினும் ஊர் முழுவதும் ஒரே காலாக நிலத்தை அறையும் இடங்களில், முப்பதாண்டுகளாக அவர் தேடியது எதுவென்பது தெளிவாகின்றது. காதேஸ் 2004 யூலை 20 இல் மத்ரித்தில் மறைந்தார். அவர் அஸ்தி கியூபாவின் கிழக்கு மலைப்பகுதியில், புரட்சிப் போராளிகளின் நினைவிடத்தில் வைக்கப்பட்டது.