திருமணம் என்னும் பிரதி: தமிழ் வேதாகமத்தின் மூன்று சொற்களை முன்வைத்து

2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம் தன்பால் இணையரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்தது. அடுத்த ஞாயிறு, சோமனூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் அதைக் கர்த்தரின் ஜெயம் என்று அறிவித்தார் போதகர். அம்மாவுக்குத் துணையாகப் போன நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘இதுல விவாதிக்க என்னங்க தம்பி இருக்குது? வேதம் தெளிவாச் சொல்லுது’ என்றார்.

பாடபேதம் பார்த்துப் பழகிய புத்திக்குத் ‘தெளிவு’ என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகம் வரும். கூடவே இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்னோடு படித்தவன், விசைத்தறி ஓட்டுகிறவன். தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்று முன்பு சபையில் ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னான். உபவாச ஜெபம் நடத்தினார்கள். ஆறு மாதத்தில் கல்யாணமும் முடித்துவைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் தாய்வீடு திரும்பியபோது, ‘பொண்ணு கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்’ என்றது சபை. பாரம்பரியத் திருமணத்தைக் காப்பாற்றுவது என்பது நடைமுறையில் இதுதான்.

மரபான தரப்பை வெறும் வெறுப்பு என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். அதற்கென்று ஒரு தர்க்கம் உண்டு. ஆணும் பெண்ணுமாய்ப் படைத்தார் என்ற ஆதியாகமம். அதை இயேசுவே எடுத்தாளும் மத்தேயு 19. கணவன் மனைவி உறவைக் கிறிஸ்துவுக்கும் சபைக்குமான உறவின் சாயலாகக் காணும் எபேசியர் 5. இவற்றின்படி திருமணம் என்பது இருவர் விருப்பத்தால் மட்டும் ஆகும் ஒப்பந்தமல்ல, படைப்பின் ஒழுங்கு. நம் முற்போக்காளர்கள் இதற்கு ‘அன்பே கடவுள்’ என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரதியோடு மல்லுக்கட்ட அவர்களுக்குப் பொறுமையில்லை. ஆகவே பிரதிக்குள் போவோம்.

முதல் சொல், ‘சுயபுணர்ச்சிக்காரர்’. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஆறாம் அதிகாரத்தில், தேவனுடைய ராஜ்யத்தில் பங்கில்லாதவர்களின் பட்டியலில், புராட்டஸ்டண்டு சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் வருவது. இதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘மலகோய்’. நேர்ப்பொருள் ‘மென்மையானவர்கள்’. இதே சொல்லை மத்தேயு 11இல் துணிக்குப் பயன்படுத்தும்போது தமிழ் வேதாகமம் ‘மெல்லிய’ வஸ்திரம் என்று சரியாகவே பெயர்க்கிறது. துணிக்கு மென்மை, மனிதனுக்குச் சுயபுணர்ச்சி! 1611 ஆங்கில வேதாகமமோ இதைப் பெண்தன்மை கொண்டவர் என்றது. 1946இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு இதையும் அடுத்த சொல்லையும் ஒன்றாய்க் கட்டி, நவீன உளவியல் உருவாக்கிய ‘ஹோமோசெக்சுவல்’ என்ற வகைப்பாட்டைப் பவுலின் வாயில் வைத்தது. ஒரே சொல், மூன்று பாவங்கள். எது தெளிவு?

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் அடுத்து வரும் ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ தவறான பெயர்ப்பு என்று சாதிக்க முடியாது. மூலச்சொல் ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரண்டின் கூட்டு. லேவியராகமத்தின் பழைய கிரேக்கப் பெயர்ப்பில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. பவுல் அங்கிருந்தே இதை எடுத்திருக்கலாம். மரபாளர்களின் வலுவான சான்று இதுதான். ஆனால் அடிமையை ஆண்டான் படுக்கைக்கு இழுப்பது சகஜமாயிருந்த ரோமச் சமூகத்தில் இச்சொல் எந்த உறவைச் சுட்டியது? இருவர் உண்மையாய் இணைந்து வாழ்வதையா, சுரண்டலையா? இந்தக் கேள்விக்கு அகராதி பதில் சொல்லாது.

இரண்டாவது சொல், ‘அண்ணகர்’. ஆணும் பெண்ணும் என்ற வசனத்துக்காக எல்லாக் கல்யாணத்திலும் வாசிக்கப்படும் அதே மத்தேயு 19இல், எட்டு வசனம் தள்ளி, இயேசு மூன்றுவகை அண்ணகர்களைப் பற்றிப் பேசுகிறார். தாயின் வயிற்றிலேயே அப்படிப் பிறந்தவர்கள் முதல்வகை. திருமண மேடைகளில் இந்த வசனம் வந்து நான் கேட்டதில்லை. அண்ணகரே தன்பால் விழைவோர் என்று நான் சமன்பாடு போடவில்லை. ஆண், பெண், பிள்ளைப்பேறு என்ற ஒழுங்குக்குள் அடங்காதவர்களைத் திருமணம் பற்றிய பேச்சின் நடுவிலேயே இயேசு கண்டனமின்றிக் குறிப்பிடுகிறார் என்பதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது சொல், ‘மந்திரி’. அப்போஸ்தலர் நடபடிகள் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுக்கும் எத்தியோப்பியன் கிரேக்க மூலத்தில் அண்ணகன். தமிழில் அவன் மந்திரியாகிவிட்டான். அச்சொல் பழங்காலத்தில் அரண்மனை அதிகாரியையும் குறிக்கும் என்பது மொழிபெயர்ப்பாளர் பக்க நியாயம். ஆனால் இழப்பு சிறியதல்ல. உபாகமம் 23 இத்தகையவரைச் சபைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56 அதைத் திருப்பி, பிள்ளைகளைக் காட்டிலும் மேலான பெயரை அவர்களுக்கு வாக்களிக்கிறது. தேரில் எத்தியோப்பியன் வாசித்துக்கொண்டிருப்பதும் ஏசாயாதான். தனக்கு ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று அவன் கேட்பதன் கனம், அவனை மந்திரி என்று வாசிக்கும் தமிழருக்கு எப்படி எட்டும்?

அடுத்து, ‘பாரம்பரியம்’. தமிழ்க் கிறிஸ்தவத் திருமணம் ஆதியிலிருந்து மாறாமல் வந்த பொருளா? 1704இல் ரோமின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, கிறிஸ்தவர்களின் தாலியில் பிள்ளையார் உருவத்தையும் 108 இழை மஞ்சள் கயிற்றையும் தடைசெய்தது. இந்தச் சடங்குச் சண்டை எங்கள் ஊர்வரை வந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து பணியாற்றிய, 1846இல் ஆயரான பிரேசிலாக், சாதியும் இச்சடங்குகளும் தன் மனசாட்சியை உறுத்த, 1855இல் பதவி விலகி வெளியேறினார். தாலி மட்டும் சிலுவையோடு நம் பெண்கள் கழுத்தில் தங்கிவிட்டது. முறைப்பெண்ணை மணக்கக் கத்தோலிக்கத் திருச்சட்டம் தடை போடுகிறது, விலக்கும் கொடுக்கிறது. மத்தேயு 19இன் நேரடிப் பொருளே மணவிலக்கு பற்றியது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் கணவனுக்கு மனைவியின் விபசாரம் மட்டுமே போதும் என்றது. மனைவியோ கூடவே கொடுமை போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும் என்றது. 2001இல்தான் அது திருத்தப்பட்டது. ஆக, மாறவே மாறாதது என்று சொல்லப்படும் திருமணம் ஒவ்வொரு நூற்றாண்டிலும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

மாறாதது ஒன்று உண்டு: சாதி. ஒரே அப்பத்தில் பங்கெடுப்பவர்கள் சம்பந்தம் பேச மட்டும் தனித்தனியே பிரிகிறார்கள். கிறிஸ்துவுக்குள் யூதன் கிரேக்கன் என்ற பேதமில்லை என்று கலாத்தியர் நிருபம் சொல்வது ‘தெளிவில்லையா’? படைப்பின் ஒழுங்கு என்ற பெயரில் இங்கே காக்கப்படுவது பெரும்பாலும் சாதியின் மறுஉற்பத்திதான். வாரிசு தராத உறவு அதன் கணக்கில் எந்தப் பத்தியிலும் அடங்குவதில்லை. பதற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் சபையை விமர்சிக்கலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 377ஆம் பிரிவைத் தளர்த்திய 2009 தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உச்சநீதிமன்றம் போனவர்களில் இந்து, முஸ்லிம் தரப்பினரோடு அப்போஸ்தலச் சபைகளின் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவ மன்றமும் இருந்தன. 2013இல் அவர்கள் வென்றார்கள். 2018இல் அது புரண்டது. மற்ற எதிலும் ஒன்றுசேராதவர்கள் பிறர் படுக்கையறை வாசலில் ஒன்றுசேர்ந்தார்கள். 2023இல் தன்பால் திருமணத்தை எதிர்த்து வாதிட்டது ஒன்றிய அரசு. அந்தத் தீர்ப்பை ஜெயம் என்று கொண்டாடும் சபை யாரோடு நிற்கிறது என்று கேட்பது பகைமையல்ல.

சபைக்குள்ளும் வேறு குரல்கள் உண்டு. இந்திய தேசியத் திருச்சபைகள் மன்றம் 2009 தீர்ப்புக்குப்பின் இதுபற்றி இறையியல் உரையாடல்களை நடத்தியிருக்கிறது. 2023 டிசம்பர் 18இல் வத்திக்கான், திருமணக் கோட்பாட்டை மாற்றாமல், சடங்கின்றித் தன்பால் இணையரை ஆசீர்வதிக்கலாம் என்றது. அது பாதி வழி. ஆனாலும் விவாதிக்க ஒன்றுமில்லை என்ற வாய்ப்பாடு ரோமிலேயே உடைந்துவிட்டது.

நான் கேட்பது சபை நாளையே விவாகப் பதிவேட்டைத் திறந்துவிட வேண்டும் என்றல்ல. வேதபாட வகுப்பில் இந்த மூன்று சொற்களையும் ஒருமுறை வாசியுங்கள். ஜெபத்தால் இதைக் ‘குணமாக்குவது’ நிற்கட்டும். மருத்துவத்தின் பெயரில் மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனிலேயே தடுத்துவிட்டது. மருந்தென்று நினைத்து ஒரு பெண்ணை அவன் தலையில் கட்டாதீர்கள். அவள் மருந்தல்ல, மனுஷி. தாய்வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சபை முதலில் மன்னிப்புக் கேட்கட்டும். மீதி விவாதத்தை அதன்பிறகு வைத்துக்கொள்வோம்.