மண்ணை ஆண்டவரும் மண்ணில் உறங்குபவரும்

நாட்டின் வரலாற்றை எழுதுவோர்க்குப் புகழும் பட்டமும் கிட்டுகின்றன. ஊரின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கிட்டுவது, பெரும்பாலும், அண்டை வீட்டாரின் வியப்பு மட்டுமே. எனினும் பெரிய நூல்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களை நிரப்புவோர் இவர்களே என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக, இங்கிலாந்தின் வட்டார வரலாற்று நூல்களையும், அத்துறையில் ஊதியம் கருதாது உழைக்கும் குழுக்களையும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டில் 'கவுண்டி' என்பது நம் மாவட்டத்தை ஒத்தது. கவுண்டி ஒவ்வொன்றுக்கும் முழு வரலாறு எழுதும் பெரும்பணி 1899ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் பெயரால் தொடங்கிற்று. 1933இல் அது லண்டன் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்த பின்னரும் பணி இன்னும் முடிந்தபாடில்லை. லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்ரே கவுண்டிக்கு மால்டன் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1902 முதல் 1912 வரை நான்கு தொகுதிகள் வெளிவந்தன.

இந்நூல்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவணச் சான்று தருகின்றன. கேள்விப்பட்டதை எல்லாம் வரலாறாக்குவதில்லை. ஆயினும் அவற்றின் தொடக்ககாலத் தொகுதிகளில் ஒரு குறை துலக்கமாகத் தெரிகிறது. பண்ணை நிலம் எந்தப் பிரபுவிடமிருந்து எவர் கைக்கு மாறியது, தேவாலயத்துக்குக் குருவை நியமிக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பவற்றுக்கே அவை பக்கங்களை வாரி வழங்கின. நிலத்தின் உடைமையாளர் யாரென்று கேட்டால் நூல் உடனே விடை சொல்லும். அந்நிலத்தை உழுதவர் யாரென்று கேட்டால் வாய் திறவாது.

இக்குறையைச் சுட்டிக் காட்டியவர்களுள் தலையாயவர் ஹாஸ்கின்ஸ். 1955இல் இங்கிலாந்தின் நிலத்தோற்றம் உருவான வரலாற்றையும், 1959இல் உள்ளூர் வரலாற்றை ஆராயும் முறைகளையும் நூல்களாக்கித் தந்தார். வேலியும் ஒற்றையடிப் பாதையும் பாழடைந்த சிற்றூரும்கூட ஆவணங்களே. அவற்றைப் படிக்கக் கால்நடையாகச் செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆசிரியர்களும் எழுத்தர்களும் இல்லத்தரசிகளும் தத்தம் ஊரை ஆராயப் புறப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது.

அத்தகையோரால் விளைந்த பயன் சிறிதன்று. 1964இல் கேம்பிரிட்ஜில் அமைந்த மக்கள்தொகை ஆய்வுக்குழுவுக்காக, நாடெங்குமுள்ள தன்னார்வலர்கள் 404 திருச்சபை வட்டங்களின் பதிவேடுகளைப் புரட்டி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை மாதவாரியாக எண்ணித் தந்தனர். அவ்வெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டே 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்து மக்கள்தொகை வரலாற்றை ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1981இல் வெளியிட்டனர். தனியொரு பேரறிஞர் வாழ்நாள் முழுவதும் அமர்ந்தாலும் முடியாத பணி அது.

ஆனால் ஹாஸ்கின்ஸையும் நாம் திறனாயாமல் விடலாகாது. 1914க்குப் பின் நிலத்தோற்றத்தில் நிகழ்ந்த மாற்றம் ஒவ்வொன்றும் அதன் அழகையோ பொருளையோ கெடுத்ததென்று அவர் எழுதினார். பழமையின்மீது கொண்ட காதல் அவர் கண்ணை மறைத்துவிட்டது என்றே சொல்லவேண்டும். ஏனெனில் அதே சர்ரேயில், 1914க்குப் பின் எழுந்த ஒரு சுற்றுச்சுவர் அம்மண்ணுக்குப் புதுப்பொருளையே தந்தது.

சர்ரேயின் வோக்கிங் நகரில், போபால் பேகம் ஷாஜஹானின் பொருளுதவியுடன் டாக்டர் லைட்னர் 1889இல் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். முதல் உலகப்போரின்போது பிரான்சில் காயமுற்ற இந்தியப் படைவீரர்கள் பிரைட்டன் முதலிய தென்கரை ஊர்களில் மருத்துவம் பெற்றனர். அங்கே உயிர் நீத்த முஸ்லிம் வீரர்களை அடக்கம் செய்ய, இப்பள்ளிவாசலுக்கு அண்மையிலுள்ள ஹார்செல் பொதுநிலத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. செங்கற் சுவரும் குவிமாட வாயிலும் 1917இல் நிறைவெய்தின.

1912இல் முற்றுப்பெற்ற சர்ரே தொகுதிகளில் இது இடம்பெறாதது குற்றமன்று. அந்நூல்களோடு வரலாறும் முற்றிற்று என்று நாம் நினைத்தால் அதுவே குற்றம். 1960களின் இறுதியில் உடல்கள் புரூக்வுட் படைவீரர் அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. வெறுமையான சுவர் சிதைந்தது. பொதுநிலத்தைப் பேணும் உள்ளூர்ச் சங்கத்தார் முயற்சியெடுக்க, 2015இல் அது அமைதிப் பூங்காவாக மீண்டும் திறக்கப்பட்டது. இரு போர்களிலும் இறந்து அங்கே அடக்கமான 27 வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கேதான் ஊர் வரலாற்றாசிரியரின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. 'எங்கள் ஊர் அயலாரையும் மதித்தது' என்று எழுதி முடித்துவிடலாம். கேட்பவர் மனமும் குளிரும். ஆனால் முஸ்லிம் வீரர்களுக்கு மார்க்க முறைப்படி அடக்கம் கிடைப்பதில்லை என்று ஜெர்மானியர் பரப்பிய பிரசாரத்தை முறியடிப்பதும் அரசின் நோக்கமாயிருந்தது. மதிப்பும் இருந்தது, அரசியல் தேவையும் இருந்தது. இரண்டையும் சொல்வதே வரலாறு. ஒன்றை மறைத்தால் அது ஊர்ப்புகழ் பாடும் வெறும் மலராகிவிடும்.

தன்னார்வக் குழுக்களை நலிவிக்கும் நோய்கள் இவையே: ஊர்ப்பெருமை, முன்னவர் செய்த பிழையைச் சரிபாராது பின்னவர் படியெடுத்தல், கிடைத்ததைப் பேழையில் பூட்டிவைத்தல். மூன்றாவதே கொடியது எனலாம். பிழையான செய்தியும் வெளியே வந்தால் திருத்தப்படும். பூட்டிய செய்தி, வைத்திருந்தவரோடு மண்ணுக்குள் போய்விடும். முதல் உலகப்போரின் நூற்றாண்டையொட்டி, சர்ரே ஆவணக் காப்பகத்தார் தன்னார்வலர்களைக் கூட்டி அக்காலப் பத்திரிகைகளைப் படிக்கச் செய்து, அட்டவணைப்படுத்தி, யாவர்க்கும் எட்டும்படி வைத்தனர். பிறர் பின்பற்றத்தக்க முறை அது.

மேற்சொன்ன புரூக்வுட்டின் பொது அடக்கத்தலத்தில்தான் 1936இல் மறைந்த மர்மடியூக் பிக்தாலும், 1953இல் மறைந்த அப்துல்லாஹ் யூசுஃப் அலியும் உறங்குகின்றனர். அவ்விருவரின் குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்புகளை நம் இல்லங்கள் பலவும் அறியும். அவர்களின் பெயரை உலகம் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். ஹார்செலில் அடக்கமான 27 பேருக்கோ அப்பேறு இல்லை. எவரோ சிலர் மாலைப்பொழுதை ஈந்து, பழைய ஏடுகளைப் புரட்டி, பெயரை எழுத்துப் பிசகாமல் எடுத்து வைத்தால்தான் அவர்கள் வரலாற்றில் இருப்பார்கள்.