வெளியூர் ஆட்டமும் கடைசி பஸ்ஸும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு சென்னையின் எஃப்சியை ஆதரிக்கிறவனுக்குச் சொந்த மைதானம் தூரம், எதிரியின் மைதானம் கிட்டே. அணியின் வீடு சென்னை பெரியமேட்டு நேரு ஸ்டேடியம். அங்கே போக ஒரு ராத்திரி ரயில் வேண்டும். பெங்களூரு எஃப்சியின் கண்டீரவாவோ தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு கிளம்பினால் ஆட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேரலாம். எங்கள் வட்டாரம் கபடிக்கும் வாலிபாலுக்கும் பேர்போனது. கால்பந்துப் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்கும் எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டமே.

இதே பழக்கம், அதாவது அணியின் பின்னால் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் அடுத்த ஊரில் நின்று கத்துவது, இலங்கையின் வடக்கில் வேறு விதமாக நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆர்வத்தில் ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. அணி யாருடையது, திரும்பி வர வண்டி இருக்கிறதா என்ற இரண்டில்தான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ரயில் என்றால் பொம்மிடி. ஜோலார்பேட்டை–சேலம் தடத்தில் இருக்கிற ஸ்டேஷன். எல்லா விரைவு வண்டியும் அங்கே நிற்காது. சென்னைக்கு அங்கே ஏறினால் சென்ட்ரலில் இறங்கி ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். பெங்களூருக்கு அந்த வசதி இல்லை. பெங்களூருக்குக் குறுக்குத் தடம் தருமபுரி வழியாகப் போகிறது. பொம்மிடி, மொரப்பூர் தடத்துக்கும் தருமபுரித் தடத்துக்கும் நடுவில் இணைப்பு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1906இல் மொரப்பூரில் இருந்து தருமபுரிக்குச் சிறிய அகலத்தில் ஒரு பாதை போட்டார்கள். பிறகு அது ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941இல் அதை மூடிவிட்டார்கள். மொரப்பூர்–தருமபுரி பாதையைத் திரும்பப் போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை. ஆகவே பஸ்தான்.

போரில் ரயில் பாதை போனது என்று சொன்னால் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் 1990இல் யாழ்ப்பாணம் வருவது நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழி கட்டப் போயின. 2014 அக்டோபரில்தான் கொழும்பு ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஆண்டு காங்கேசன்துறை வரைக்கும். இடையில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையும் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. 2006 ஆகஸ்டில் அந்தச் சாலை முகமாலையில் அடைபட்டபோது யாழ்ப்பாண அணி கொழும்புக்கு ஆடப் போவதும், அதன் பின்னால் ஆதரவாளர்கள் போவதும் நினைத்தே பார்க்க முடியாத காரியமாகிப் போனது. ஆனாலும் உதைபந்தாட்டம் அங்கே சாகவில்லை. குடாநாட்டுக்குள்ளேயே அடுத்த ஊர் இருந்தது. அடுத்த ஊரில் எதிரணி இருந்தது.

அந்த அணிகளின் பெயரைப் பாருங்கள். நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றிஸியன்ஸ், ஊரெழு றோயல். ஊர்ப் பெயர் முன்னால் நிற்கிறது. கடலுக்குப் போகிறவனும் தேவாலயத்துக்கு வருகிறவனும் அணியில் ஆடுகிறவனும் ஒரே தெருக்காரர்கள். அப்படிப்பட்ட அணி இன்னொரு ஊருக்கு ஆடப் போகிறது என்றால் ரசிகன் தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை. அணி ஏறுகிற வண்டியிலேயே அவனும் ஏறுகிறான். பெரிய ஆட்டம் என்றால் பஸ் வாடகைக்குப் பேசுவார்கள், இல்லாவிட்டால் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ. தூரமும் அப்படி ஒன்றும் இல்லை. நாவாந்துறையில் இருந்து இளவாலை, எங்களுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து அரூர் போகிற மாதிரித்தான். கோல்காப்பாளரின் கையுறை யார் மடியில் இருக்கிறது என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். தோற்றுத் திரும்பும்போது அதே வண்டியில் அவரோடு முகம் பார்த்து உட்கார வேண்டும். எங்களுக்கு வாய்க்காத நெருக்கம் அது. எனக்கு அதில் பொறாமை உண்டு.

மாவட்டம் தாண்டி வருகிறவர்களுக்கும் வழி மெல்ல மெல்லத் திறந்திருக்கிறது. மன்னாரை எடுத்துக்கொள்ளுங்கள், உதைபந்தாட்டத்தை உயிராக நினைக்கிற ஊர். முன்பு அங்கிருந்து யாழ்ப்பாணம் வர மதவாச்சியோ வவுனியாவோ சுற்ற வேண்டும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் பூநகரி வழியாக நேரே வர முடிந்தது. காலையில் மன்னாரில் பஸ் ஏறி, பின்னேர ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு பாலம் எத்தனை ரசிகர்களை உண்டாக்கும் என்று எந்தச் சங்கமும் கணக்குப் போட்டிருக்காது. போட வேண்டிய கணக்கு அது. யாழ்ப்பாணத்தில் இறங்கினால் மத்திய பஸ் நிலையத்தில் இருந்து துரையப்பா விளையாட்டரங்கு நடை தூரம், பொது நூலகத்துக்குப் பக்கத்தில். போரில் சிதைந்து கிடந்த அந்த மைதானத்தை இந்திய அரசின் பணத்தில் புதுப்பித்து 2016 ஜூனில் திறந்தார்கள். வடக்கு கிழக்கு அணிகள் மோதிய பிரீமியர் லீக் 2018இல் தொடங்கியபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அணி கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு வரும் கூட்டத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே அணி விமானத்தில் போகிறது. சென்னையின் எஃப்சி குவாஹாட்டியில் ஆட வேண்டும் என்றால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் இரண்டு நாள். கொல்கத்தாவுக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல். வேலை வெட்டி உள்ள ரசிகனுக்கு முடிகிற காரியமா? ஆக, வெளியூர் ஆட்டம் என்று நாங்கள் சொல்வது நடைமுறையில் பெங்களூரும் கொச்சியும்தான். மற்றதெல்லாம் டிவியில்.

ஆனால் இந்தப் பழக்கம் இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. 1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவில் மோகன் பகான், கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியாட்டத்தில் 2–1 என்று வென்றது. வெறும் காலால் ஆடி பூட்ஸ்காரர்களை வென்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது கூட்டம் வந்த விதம். அன்றைக்கு ரசிகர்களுக்காகச் சிறப்பு ரயில் விட்டார்கள். ஹூக்ளி ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக ரயில் விட முடிந்திருக்கிறது. நூறு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறோம்.

2018 மார்ச் 17, சனிக்கிழமை. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதியாட்டம் பெங்களூரு கண்டீரவாவில், அந்த ஊர் அணிக்கும் சென்னைக்கும். தமிழ்நாட்டு ரசிகனுக்கு அதைவிட வசதியான ஆட்டம் அமைவது கடினம். ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி அடித்தார். பிறகு மைல்சன் ஆல்வெஸ் இரண்டு தடவை கார்னர் பந்தைத் தலையால் உள்ளே தள்ளினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடிக்க, ஆட்டம் 3–2 என்று நம் பக்கம் முடிந்தது. நடுக்களத்தில் வியாசர்பாடித் தெருக்களில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ். சுற்றிலும் எதிரிகளாக இருக்கிற ஊரில் நீலச் சட்டைக்காரர்கள் ஒரு மூலையில் கூடி நிற்பது, அதுவும் எதிரணியின் சட்டையும் நீலமாகவே இருக்கிற இடத்தில், ஒரு தனி அனுபவம். யாழ்ப்பாணத்து ரசிகன் ஊரோடு கிளம்பி ஊரோடு வருகிறான். இங்கே தருமபுரியில் ஒருவன், வேலூரில் ஒருவன், சேலத்தில் ஒருவன் என்று தனித்தனியாக பஸ் ஏறுகிறோம். மைதான வாசலில்தான் கூட்டமாகிறோம். அந்தத் தொண்ணூறு நிமிஷத்துக்கு மட்டும் எங்களுக்கு ஓர் ஊர் கிடைக்கிறது.

பயணத்தில் உள்ள சிக்கல்கள் வெளியே தெரியாதவை. ரயில் டிக்கெட்டை அறுபது நாளைக்கு முன்னால் பதிவு செய்யலாம் (2024 நவம்பருக்கு முன்பு நூற்றிருபது நாள்). ஆனால் ஆட்ட அட்டவணையைச் சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது வெளியிட்டால், அதுவும் பாதிச் சீசனுக்கு மட்டும் வெளியிட்டால், முதல் சில ஆட்டங்களுக்குத் தட்கலும் பொதுப் பெட்டியும்தான் கதி. 2025 ஜூலையில் லீகையே காலவரையின்றித் தள்ளிவைத்தார்கள். எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுப்பது?

அடுத்தது வாசல் சோதனை. பஸ்ஸில் போகிறவன் பையில்லாமல் போக முடியாது. மாற்றுச் சட்டை, தண்ணீர் பாட்டில், போர்வை, போனுக்குச் சார்ஜ் போடப் பவர் பேங்க் எல்லாம் அதில் இருக்கும். மைதான வாசலில் பையும் பாட்டிலும் பவர் பேங்கும் கூடாது. சில்லறைக் காசுகூடக் கூடாது, மைதானத்துக்குள் எறிவார்களாம். ராத்திரி திரும்ப டவுன் பஸ்ஸுக்கு வைத்திருக்கிற ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் டப்பாவில் விழுகிற சத்தம் பஸ்ஸில் வந்தவனுக்குத்தான் வலிக்கும். காரில் வந்தவன் எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறான். சென்னையில் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் பொருள் வைப்பறையில் பையைப் போட்டுவிட்டு நடக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை நேரம். ஐஎஸ்எல் ஆட்டங்கள் பெரும்பாலும் ராத்திரி ஏழரைக்கு. டிவிக்கு அது நல்ல நேரம். முடிய ஒன்பதரை. சென்னையில் என்றால் அதற்குள் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டிருக்கும். பதினோரு மணி வாக்கில் புறப்படுகிற ஏற்காடு எக்ஸ்பிரஸ்தான் எங்கள் பக்கத்துக்காரனுக்குத் துணை. பெங்களூரில் சாந்திநகர் போனால் சேலம் பஸ் கிடைக்கும். அது நடுராத்திரி தாண்டித் தருமபுரியில் இறக்கிவிடும். பாப்பிரெட்டிப்பட்டிக்கு விடியும்வரை வண்டி கிடையாது. "மேட்ச் பார்க்கவா இவ்வளவு தூரம் போனீங்க? டிவியில வராதா தம்பி?" என்று முதல் பஸ் கண்டக்டர் கேட்பார். வரும் அண்ணா. ஆனால் அது வேறு.

திரும்ப வண்டி இல்லை என்றால் பையன்கள் பைக்கை எடுக்கிறார்கள். 2022 மார்ச் 20 அன்று கோவா ஃபடோர்டாவில் கேரளா பிளாஸ்டர்ஸ், ஹைதராபாத் அணிகளின் இறுதியாட்டம். கொரோனாவால் இரண்டு வருடம் ரசிகர்களுக்கு மூடிக் கிடந்த மைதானம் அன்று திறந்திருந்தது. மலப்புறத்தில் இருந்து பைக்கில் கிளம்பிய இரண்டு இளைஞர்கள் காசர்கோடு அருகே லாரி மோதி இறந்துபோனார்கள். மலப்புறத்தில் இருந்து கோவாவுக்குக் கடற்கரையோரமாகவே ரயில் பாதை இருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் அந்தச் செய்தி என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சிறப்பு ரயிலுக்கு ஆகிற செலவு என்ன, அதற்குப் பதிலாக நாம் கொடுத்தது என்ன?

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. கொச்சியில் ஆட்ட நாளில் மெட்ரோ கடைசி ரயிலைத் தள்ளி ஓட்டுகிறது. ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே ஸ்டேஷன். சென்னையில் ஐபிஎல் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு மெட்ரோவில் இலவசப் பயணம் தந்தார்கள். ஆனால் இரண்டுமே நகரத்துக்குள் இருக்கிறவனோடு நின்றுவிடுகின்றன. எங்களைப் போல மாவட்டத்தில் இருந்து வருகிறவன் யார் கணக்கிலும் இல்லை.

இலங்கையில் ராத்திரிப் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. மைதானங்கள் பலவற்றில் விளக்கு இல்லாததால் லீக் ஆட்டம் பின்னேரம் முடிந்துவிடும். அது பஸ் ரசிகனுக்குப் பெரிய வரம். கிராமத்துக் கழகங்கள் மின்னொளியில் நடத்தும் சுற்றுப்போட்டிகளுக்குத்தான் சங்கடம். இருட்டிய பிறகு ஊருக்குள் போகிற பஸ் அரிது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசு நிறுத்தியபோது அதுவும் போனது. அடுத்த ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசியில்தான் விலக்கியது. தேசிய அணிக்கு ஆட்டமே இல்லாத மாதங்கள் அவை. நாவாந்துறைக்கும் பாசையூருக்கும் ஆட்டம் இருந்தது. அணி ஊருடையதாக இருந்தால் மேலே என்ன நடந்தாலும் கீழே பந்து உருளும். எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. லீக் நின்றால் எல்லாம் நின்றது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது, லூதியானாவில். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது, கட்டாக்கிலும் அமிர்தசரஸிலும். எல்லாம் தமிழ் ரசிகர் எட்ட முடியாத தூரம். ஆண்கள் ஆட்டத்துக்கு வர நினைக்கிற பெண்ணுக்கோ ராத்திரி ஒன்பதரைக்கு முடிகிற ஆட்டம் வாசலிலேயே கதவைச் சாத்துகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசமாகி நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் பஸ் இருந்தால்தானே?

நான் கேட்பது அதிகம் இல்லை. வாரக் கடைசியில் மாலை ஐந்து மணிக்கும் ஐஎஸ்எல் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். சென்னை–பெங்களூரு ஆட்டத்தை எப்போதும் அந்த நேரத்தில் வைக்கட்டும். ஏழு மணிக்கு ஆட்டம் முடிந்தால் எட்டுக்குள் சாந்திநகரில் பஸ் ஏறி, பதினோரு மணி வாக்கில் தருமபுரியில் இறங்கலாம். அங்கிருந்து பொம்மிடி வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்த ஒரு நாள் ராத்திரி ஒரு பஸ் விட்டால் போதும். கோயில் திருவிழாவுக்கு விடுகிறார்கள், ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கலுக்கு விடுகிறார்கள். ஆட்டத்துக்கும் விடலாம்.