குரலும் குரலுக்கு உரியவரும்

நோயினால் பேச்சுத் தெளிவிழந்த ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்து, அவர் சொல்ல முயன்றவற்றைக் கணினி வழியே ஒலிக்கச் செய்தனர், டேவிஸ் நகரக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2024இல் வெளியான ஆய்வு அது. பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு அவரது முந்தைய குரலையே அமைத்தளித்தனர்.

அதே ஆண்டு 'லால் சலாம்' படப்பாடலில், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தது பாராட்டத்தக்கதே.

எனினும் வேறுபாடு பெரிது. அங்கே சொல்ல நினைத்தவர் இருந்தார். கருவி துணை நின்றது. இங்கே குரல் உண்டு, பாடகர் இல்லை. எச்சொல்லை அழுத்துவது, எங்கே குழைவது என்று தீர்மானித்தவர் பிறர். வாரிசுகளின் இசைவு குரலின் சாயலைத் தரலாம். பாடகரின் தேர்வைத் தராது. அதனை நினைவஞ்சலி எனலாம். அவர்கள் பாடியது எனல் தகாது.