ஐந்தாம் ஆண்டின் உடல்

இந்திய ராணுவத்தில் உடற்தகுதியின் பெயர் 'ஷேப்'. மனநிலை, செவி, கைகால், உடல்வலு, பார்வை என்று ஐந்தையும் அளந்து தரம் போடுவார்கள். எல்லாவற்றிலும் முதல் தரம் வாங்கியவர் ஷேப்-1. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லையில் நிற்கப் போகிறவருக்குக் கண் தெரிய வேண்டாமா, காது கேட்க வேண்டாமா? அந்த நியாயத்துக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பதை லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வெளியே எடுத்துப் போட்டது. சட்டம் படிக்கிற மாணவியர் மட்டும் படித்து நிறுத்திக்கொள்கிற தீர்ப்பாக அது ஆகிவிடக் கூடாது.

பின்கதை சுருக்கமாக. 1992 முதல் சென்னை பரங்கிமலையில் பெண்கள் அதிகாரிகளாகப் பயிற்சி பெற்றார்கள். ஆனால் குறுகிய காலப் பணி மட்டும்தான். ஆண்களுக்குக் கிடைத்த நிரந்தர கமிஷன் இவர்களுக்கு இல்லை. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் 'கொடு' என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்புக்குத் தடை எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லியும் ராணுவம் நகரவில்லை. 2020 பிப்ரவரி 17இல், பபிதா பூனியா வழக்கில், உச்ச நீதிமன்றமும் 'கொடு' என்ற பிறகுதான் தேர்வு வாரியம் கூடியது. 615 பெண் அதிகாரிகள் பரிசீலிக்கப்பட்டார்கள். முதலில் நிரந்தர கமிஷன் பெற்றவர்கள் 277 பேர்.

மற்றவர்களில் பலரை வெளியே நிறுத்தியது ஷேப்-1. ஆண் அதிகாரிக்கு இந்தச் சோதனை பணியின் ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ நடக்கும். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. ஒருமுறை நிரந்தரமாகிவிட்டால், பிற்பாடு சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்து தரம் இறங்கினாலும் வேலை போகாது. பெண்களுக்கோ நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் வயதாகியிருந்தது. அந்த வயதில் நின்று, முப்பது வயதுக்காரனுக்கு வைத்த அளவுகோலில் தேற வேண்டும் என்றார்கள். தாமதம் செய்தது அரசு, வயதானது இவர்களுக்கு. பத்து வருட மேல்முறையீட்டின் விலையை முழங்காலிலும் முதுகெலும்பிலும் வசூலிப்பது எவ்வளவு சுத்தமான ஏற்பாடு! கோப்பில் எங்கேயும் 'பெண்' என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் பலம் இங்கேதான். பாகுபாடு காட்டும் எண்ணம் இருந்ததா என்று அது தேடவில்லை. விளைவு யார் தலையில் விழுந்தது என்று பார்த்தது. கனடா காவல் துறையில் பகுதி நேரப் பணிப் பகிர்வை ஏற்ற மூன்று பெண்கள் ஓய்வூதிய உரிமைக்குப் போராடிய ஃப்ரேசர் வழக்கை (2020) துணைக்கு அழைத்து, மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தை நம் சட்டத்தில் ஊன்றியது. ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில் அந்தப் பெண்ணின் உடல்நிலை என்னவோ அதை வைத்தே முடிவு செய்யுங்கள் என்றது. அதற்குப் பிறகும், 2021 நவம்பரில் நீதிமன்ற அவமதிப்பு என்று எச்சரித்த பின்தான் சிலருக்கு ஆணை வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பலர் இதை 'மருத்துவத் தளர்வு' என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் உடன்பாடில்லை. அமெரிக்க ராணுவத்தில் தளர்வு என்று தனி நடைமுறையே உண்டு. குறை இருக்கிறது, இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். நிதிஷாவும் மற்றவர்களும் கேட்டது அதுவல்ல, ஆணுக்குப் பார்த்த அதே தேதி. உண்மையில் தளர்வில் வாழ்ந்தவர்கள் நாற்பத்தைந்து வயது ஆண் அதிகாரிகள். அதற்கு யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தீர்ப்பு தயங்கி நின்ற இடமும் உண்டு. ஷேப்-1 என்ற அளவுகோலில் குறையில்லை, அதைப் பொருத்திய காலத்தில்தான் குறை என்று முடித்துவிட்டது. அளவுகோல் யார் உடலைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ராணுவ மருத்துவம் வேறுபாட்டை அறியாததல்ல. உயரத்துக்குப் பெண்களுக்குத் தனி அளவு, முழங்கை விலகும் கோணத்துக்குத் தனி அளவு. எலும்பில் ஒப்புக்கொள்கிற வேறுபாட்டை வாழ்க்கையில் ஒப்புக்கொள்ள மட்டும் கை வரவில்லை. ராணுவ மருத்துவப் பிரிவுக்குத் தேர்வான நீத்து பாலா, சேரும் நேரத்தில் கர்ப்பமாக இருந்ததால் தகுதியற்றவர் ஆக்கப்பட்டார். வேலையா குழந்தையா என்று ஒரு பெண்ணைத் தேர்வு செய்ய வைக்க முடியாது என்று 2016இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பத்தை நோய்ப் பட்டியலில் வைத்துப் பார்க்கிற பழக்கம், ஷேப்-1ஐத் தொடாமல் விட்டால் எப்படிப் போகும்?

இன்னொன்று, நீதிமன்றப் படியேறியவர்கள் ஏற்கெனவே அதிகாரிகள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் குரல் இந்தத் தீர்ப்பில் இல்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தென்பெண்ணைக் கரையில், மாம்பழக்கூழ் ஆலைக்கும் ஓசூர்க் கம்பெனிப் பேருந்துக்கும் நடுவே வளர்கிற ஒரு பெண், அங்குள்ள தேர்வு மையத்தில் ஐந்து நாள் தாக்குப்பிடித்து மருத்துவச் சோதனைக்கு வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். 'தகுதியில்லை' என்று எழுதினால் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தின் முன் நிற்க வேண்டும். அதற்குள் தனியார் மருத்துவரிடம் காட்டி, சரிசெய்து, பணம் புரட்டி, வீட்டைச் சம்மதிக்க வைத்து. தேசியக் குடும்பநல ஆய்வு 5இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தப் பரிசோதனைத் தாளில் அது ஒரு தனிப் பெண்ணின் குறையாகத்தான் பதிவாகும்.

பல்லுக்கும் புள்ளி உண்டு. குறைந்தது 14 வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி என்பது அரசே ஒப்புக்கொண்ட செய்தி. ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. அது பயன்பாட்டுக்கு வந்தது 2013இல். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து நிலைப்பல் முளைத்த பிள்ளைகள்தான் இப்போது விண்ணப்பிக்கும் வயதில், ராணுவ மருத்துவர் முன்னால் வாயைத் திறந்து நிற்கிறார்கள்.